உடைஞ்ச எலும்புக்குள்ள யார் யாரைக் கூப்பிடறாங்க?

போன வருஷம் பைக்ல சறுக்கி விழுந்து எனக்கு காலர் போன் உடைஞ்சுது. தமிழ்ல காறை எலும்புன்னு சொல்லுவாங்க, கழுத்துக்குக் கீழ இருந்து தோள் வரைக்கும் குறுக்க ஓடற எலும்பு. மாவுக்கட்டு, ஆபரேஷன்னு எதையெதையோ நினைச்சு பயந்துட்டே போனா டாக்டர் எக்ஸ்ரேவை ஒரு பார்வை பார்த்துட்டு, ஒரு ஸ்லிங்கை மாட்டி விட்டு, "ஆறு வாரம் கையைத் தூக்காதீங்க, தானா ஒட்டிக்கும்"னு அனுப்பிட்டார். அவ்ளோதான். முதல் வாரம் லேசா அசைஞ்சாலே ரெண்டு நுனியும் உரசி உள்ள கறக்குன்னு ஒண்ணு, சத்தம்னும் சொல்ல முடியாது, ஒரு உணர்வு, நினைச்சா இப்பவும் பல்லு கூசும். ரெண்டாவது வாரம் இன்னொரு எக்ஸ்ரே எடுத்தோம், அதுல உடைஞ்ச கோடு முதல் நாளை விட அகலமா தெளிவா தெரியுது. "என்ன டாக்டர், பெருசாயிடுச்சே"ன்னு கேட்டா "அப்படித்தான் இருக்கும், போயிட்டு வாங்க"ன்னுட்டார். மூணாவது வாரம் முடியறப்போ அந்த கறக் நின்னு போச்சு. அப்புறம் உடைஞ்ச இடத்துல ஒரு புடைப்பு வந்துச்சு.

எனக்கு உறுத்தினது அந்த "தானா"ங்கற வார்த்தை. தோல்ல ஆழமா வெட்டுப்பட்டா தழும்பு விழுது, அந்தத் தழும்பு பழைய தோல் கிடையாது, ஒட்டுப் போட்ட துணி மாதிரி ஒரு சமாளிப்பு. எலும்பு அப்படி இல்ல, எலும்பு முறிஞ்ச இடத்துல திரும்ப எலும்பே வருது, சரியா ஒட்டின எலும்பை சில வருஷம் கழிச்சு வெட்டிப் பார்த்தா கூட எங்க உடைஞ்சுதுன்னு கண்டுபிடிக்கறது கஷ்டம். இதை யாரோ உள்ள மேய்ச்சுக் கட்டி நடத்தணும்ல? யாரும் இல்ல, மூளை கூட இதுல உத்தரவு போடறதில்ல. செல்லுங்க ஒண்ணையொண்ணு கூப்பிட்டுக்குது, அவ்வளவுதான். அந்தக் கூப்பாடு எப்படி நடக்குதுன்னு வீட்ல சும்மா உட்கார்ந்திருந்த ஆறு வாரத்துல படிச்சதைத்தான் இங்க எழுதறேன். நான் டாக்டர் இல்ல, அதையும் முன்னாடியே சொல்லிடறேன்.

சிக்னல்னா என்னன்னு முதல்ல பார்த்துடலாம். ஒரு செல் ஒரு சின்ன புரோட்டீனை வெளிய விடுது, அது அக்கம்பக்கத்துல மிதந்து போய் இன்னொரு செல்லோட மேல இருக்கற ரிசெப்டர்ல, அதாவது அந்த சிக்னலைப் பிடிக்கற புரோட்டீன்ல, ஒட்டுது, ஒட்டினதும் அந்த செல்லுக்குள்ள தகவல் ஒருத்தர் கையில இருந்து இன்னொருத்தர் கைக்குப் போற மாதிரி போய் கடைசில டி.என்.ஏல சில ஜீன் ஆன் ஆகுது, சில ஜீன் ஆஃப் ஆகுது. கூட்டத்துல ஒரு பேரைச் சொல்லி கத்தினா அந்தப் பேர் இருக்கறவங்க மட்டும் திரும்பிப் பார்ப்பாங்கல்ல, அதே கதைதான். ஒரே பேர் ரெண்டு பேருக்கு இருக்கலாம், ஒருத்தர் ஓடி வருவார், இன்னொருத்தர் ஓடிப் போவார். இதை மனசுல வச்சுக்கோங்க, ஏன்னா "இந்த மாலிக்யூல் எலும்புக்கு நல்லது, அது கெட்டது"ன்னு பிரிச்சு எழுதற பாதி விஷயம் இதனாலதான் தப்பா போகுது. எந்த நேரத்துல, எவ்வளவு, எந்த செல்லுக்குங்கற மூணும் தெரியாம ஒரு சிக்னல் நல்லதா கெட்டதான்னு சொல்லவே முடியாது.

சரி, எலும்பு உடையற நிமிஷத்துக்கு வருவோம். எலும்பை நாம காய்ஞ்ச கட்டை மாதிரி நினைக்கறோம், ஆனா உயிரோட இருக்கற எலும்புக்குள்ள ரத்தக்குழாய் நிறைய ஓடுது, உள்ள மஜ்ஜைலயும் சரி, மேல போர்த்தியிருக்கற பெரியாஸ்டியம்ங்கற சவ்வுலயும் சரி. உடைஞ்சா இதெல்லாம் சேர்ந்து கிழியுது, ரத்தம் கொட்டி அந்த இடைவெளில உறைஞ்சு ஒரு ரத்தக்கட்டா நிக்குது. வெளிய இருந்து பார்க்கறவங்களுக்கு அது வீக்கம், நீலம் பாரிச்ச தோல், வலி. சுத்தம் பண்ண வேண்டிய குப்பைன்னுதான் தோணும். ஆனா எலிங்கள்ல இந்த ரத்தக்கட்டை எடுத்துட்டுப் பார்த்தா எலும்பு ஒட்டறது பின்தங்குது. அதை விட ஆச்சரியம், முறிவுல உருவாகி சில நாள் ஆன ரத்தக்கட்டை எடுத்து எலியோட தசைக்குள்ள கொண்டு போய் வச்சா அங்க, எலும்பே இல்லாத இடத்துல, எலும்பு உருவாகியிருக்கு. அப்போ செய்தி முழுக்க அந்தக் கட்டிக்குள்ளயே எழுதி வச்சிருக்குன்னு அர்த்தம்.

அதை எழுதறது யாருன்னா முதல்ல பிளேட்லெட்டுங்க. ரத்தம் உறைய வைக்கறதுதான் அதுங்க வேலைன்னு ஸ்கூல்ல படிச்சோம், ஆனா ஒவ்வொரு பிளேட்லெட்டும் உள்ள சின்னச் சின்ன பைகள்ல பி.டி.ஜி.எஃப், டி.ஜி.எஃப்-பீட்டா மாதிரி வளர்ச்சி சிக்னல்களை ரெடியா வச்சுக்கிட்டு சுத்துது, உறையறப்போ அந்தப் பைகளைக் கொட்டிடுது. அடுத்து செத்துப்போன செல்லுங்க, அதுங்க உடம்பு உடைஞ்சு உள்ள இருந்து வெளிய வரக்கூடாத சாமான்கள் வெளிய சிந்துது, அந்தச் சிதறலே ஒரு அலாரம். அதைக் கேட்டு சில மணி நேரத்துக்குள்ள நியூட்ரோஃபில்னு சொல்ற வெள்ளை அணுக்கள் வந்து குவியுது, பின்னாலயே மேக்ரோஃபேஜ் வருது. இவங்க வந்து செத்ததைத் தின்னு சுத்தம் பண்றது ஒரு பக்கம், இன்னொரு பக்கம் இவங்களே கத்த ஆரம்பிக்கறாங்க. அந்தக் கத்தலுக்குப் பேர்தான் டி.என்.எஃப்-ஆல்ஃபா, ஐ.எல்-1, ஐ.எல்-6.

இந்த மூணு பேரும் சாதாரணமா நியூஸ்ல வில்லன். மூட்டுவாதத்துல டி.என்.எஃபை அடக்கறதுக்குத்தான் விலை உயர்ந்த ஊசியே போடறாங்க. ஆனா முறிவுல இவங்க முதல் 24 மணி நேரத்துல உச்சத்துக்குப் போய், ஒரு மூணு நாள்ல அடங்கிடறாங்க, அந்தக் குட்டி அலைதான் மத்த எல்லாத்தையும் ஆரம்பிச்சு வைக்குது. டி.என்.எஃப் ரிசெப்டரே இல்லாத மாதிரி ஜீனை மாத்தின எலிங்கள்ல முறிவு ஆறறது தள்ளிப்போகுது. சரி அப்போ டி.என்.எஃப் நல்லவர்னு முடிவு பண்ணிடலாமான்னா அதுவும் இல்ல, சர்க்கரை நோய் உள்ள எலிங்கள்ல டி.என்.எஃப் அடங்காம அதிகமாவே இருக்கு, அதனால பாதி வேலைல உருவாகியிருக்கற குருத்தெலும்பு சீக்கிரமே கரைஞ்சு போய் ஒட்டறது கெடுது, அங்க டி.என்.எஃபை அடக்கினா நிலைமை சரியாகுது. ஒரே ஆள்தான், ஒரு இடத்துல வராததால கெடுது, இன்னொரு இடத்துல போகாததால கெடுது.

வலி மாத்திரை விஷயமும் இங்கதான் வருது, எல்லாரும் கேக்கறது இது. சி.ஓ.எக்ஸ்-2ன்னு ஒரு என்ஸைம், அழற்சி நேரத்துல ப்ராஸ்டாகிளாண்டின்ங்கற கொழுப்பு வகை சிக்னலைத் தயார் பண்றது அதுதான், வலியும் வீக்கமும் அதோட கைவரிசை, ஆனா ஸ்டெம் செல்லை, அதாவது என்னவா மாறணும்னு இன்னும் முடிவாகாத செல்லை, எலும்பு செல்லா மாறச் சொல்றதுலயும் அதுக்குப் பங்கு இருக்கு. 2002ல சி.ஓ.எக்ஸ்-2 ஜீன் இல்லாத எலிங்கள்ல முறிவு ஆற ரொம்ப தாமதமானதைக் காட்டினாங்க. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரைங்க அடைக்கறது இந்த என்ஸைமைத்தான். அதுக்காக மனுஷங்களுக்கும் அப்படியே ஆகும்னு சொல்லிட முடியாது, மனுஷங்கள்ல நடந்த ஆய்வுங்க ரெண்டு பக்கமும் பேசுது, கொஞ்ச நாள் சாப்பிட்டா பெரிய பாதிப்பு இல்லைங்கறதுதான் நிறைய பேரோட நிலைப்பாடு, நீண்ட நாள், அதிக டோஸ்ங்கறப்போதான் கவலைப்படறாங்க. டாக்டர் எழுதிக் கொடுத்ததை இதைப் படிச்சுட்டு நீங்களா நிறுத்திடாதீங்க, கேட்டுட்டு செய்யுங்க.

இப்போ என் ரெண்டாவது வார எக்ஸ்ரே. எலும்பு உடைஞ்சப்போ நுனில இருந்த ரத்தக்குழாய் போயிடுச்சு, அதனால உடைஞ்ச விளிம்புல இருக்கற எலும்பு செல்லுங்க செத்துடுது. செத்த எலும்பு மேல புதுசைக் கட்ட முடியாது, அதை முதல்ல தின்னு எடுக்கணும். அதுக்குன்னே இருக்கற செல் ஆஸ்டியோகிளாஸ்ட், பல நியூக்ளியஸ் சேர்ந்த பெரிய உருவம், எலும்பு மேல கவுந்து உட்கார்ந்து அடியில ஆசிட் ஊத்தும், அந்த இடத்துல பி.ஹெச் 4.5 வரைக்கும் இறங்கும், தாது கரைஞ்சதும் கேதெப்ஸின்-கேங்கற என்ஸைம் மிச்சமிருக்கற கொலாஜனை, அதாவது எலும்போட நார் மாதிரி புரோட்டீனை, அறுத்துடும். அழற்சி சிக்னல்கள் இந்த ஆஸ்டியோகிளாஸ்ட்டையும் உசுப்பி விடுது. அதான் ரெண்டு வாரத்துல விளிம்பு ரெண்டு பக்கமும் கொஞ்சம் கரைஞ்சு கோடு அகலமா தெரியுது. புதுசா உருவாகற பாலம் அந்த நேரத்துல கால்சியம் ஏறாத மெத்து மெத்துன்னு இருக்கற திசு, எக்ஸ்ரே அதுக்குள்ள ஊடுருவிப் போயிடும், படத்துல விழாது. ஆக உள்ள வேலை மும்முரமா நடக்கறப்போ படம் மட்டும் மோசமா தெரியும். இதை அந்த டாக்டர் ஒரு நிமிஷம் செலவு பண்ணி சொல்லியிருந்தா நான் ரெண்டு ராத்திரி தூங்கியிருப்பேன், போகட்டும்.

கூப்பிட்டா வர்றது யாருன்னா முக்கியமா ஸ்டெம் செல்லுங்க, பெரும்பாலும் அந்த பெரியாஸ்டியம் சவ்வோட அடிப்பகுதில இருந்தும் மஜ்ஜைல இருந்தும். (அதனாலதான் சர்ஜன்கள் அந்தச் சவ்வை வழிச்சு எடுக்காம பார்த்துப்பாங்க.) எஸ்.டி.எஃப்-1னு ஒரு சிக்னல் வாசனை மாதிரி பரவுது, அடர்த்தி எங்க அதிகமோ அந்தப் பக்கமா செல்லுங்க நகர்ந்து வருது. வந்து நிக்கற ஸ்டெம் செல்லுக்கு அடுத்த கேள்வி, நான் என்னவா மாறணும்?

இதுக்குப் பதில் சொல்ற சிக்னல்தான் இந்தக் கதையோட ஹீரோ, அதைக் கண்டுபிடிச்ச விதம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. மார்ஷல் யூரிஸ்ட்னு ஒரு அமெரிக்க எலும்பு சர்ஜன், எலும்பு ஒண்ணை ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ல ஊற வச்சு கால்சியம் எல்லாத்தையும் கரைச்சு எடுத்துட்டு, மிச்சமான ரப்பர் மாதிரி வளையற கொலாஜன் துண்டை விலங்குகளோட தசைக்குள்ள வச்சுத் தைச்சார். உயிருள்ள செல் ஒண்ணு கூட அதுல கிடையாது. சில வாரம் கழிச்சுத் திறந்து பார்த்தா தசைக்கு நடுவுல புது எலும்பு, அதுக்குள்ள மஜ்ஜை கூட. 1965ல இதை எழுதினார். அந்தச் செத்த துண்டுல ஏதோ ஒண்ணு பக்கத்துல இருந்த செல்லுங்களை "எலும்பா மாறு"ன்னு சொல்லியிருக்கணும். அந்த ஏதோ ஒண்ணுக்கு 1971ல போன் மார்ஃபோஜெனெடிக் புரோட்டீன்னு பேர் வந்துச்சு, சுருக்கமா பி.எம்.பி. அது எந்த ஜீன்ல இருந்து வருதுன்னு கண்டுபிடிக்க 1988 ஆயிடுச்சு, ஏன் அவ்வளவு நாள்னா எலும்புக்குள்ள அது இருக்கற அளவு அவ்வளவு சொற்பம், கிலோ கணக்குல எலும்பை அரைச்சாலும் மைக்ரோகிராம் கணக்குலதான் கிடைக்கும்.

பி.எம்.பி ரிசெப்டர்ல ஒட்டினதும் உள்ள ஸ்மாட்ங்கற புரோட்டீனுங்க நியூக்ளியஸுக்கு ஓடுது, அங்க ரன்க்ஸ்2ங்கற ஜீன் ஆன் ஆகுது. இந்த ரன்க்ஸ்2தான் மாஸ்டர் ஸ்விட்ச், அது இல்லாத எலிக்குட்டிங்களை 1997ல உருவாக்கிப் பார்த்தாங்க, உடம்பு முழுக்க குருத்தெலும்புலயே எலும்புக்கூடு, எலும்புன்னு ஒண்ணு கூட இல்ல, பிறந்ததும் மூச்சு விட முடியாம செத்துடுச்சு. பி.எம்.பி குடும்பத்துல நிறைய பேர் இருக்காங்க, அதுல பி.எம்.பி-2வை மட்டும் கை கால்ல இல்லாம பண்ணின எலிங்களைப் பத்தி 2006ல ஒரு ஆய்வு வந்துச்சு. அந்த எலிங்களுக்கு கை கால் எலும்பு சரியாவே வளர்ந்துச்சு, குடும்பத்துல மத்தவங்க சமாளிச்சுக்கிட்டாங்க போல, ஆனா எலும்பு தானாவே உடைய ஆரம்பிச்சுது, உடைஞ்சது ஒட்டவே இல்ல, ஒட்டற வேலையோட முதல் அடியே எடுத்து வைக்கல. எலும்பு வளர பி.எம்.பி-2 இல்லாம முடியும், ஒட்ட முடியாது.

அப்போ பி.எம்.பி-2வை பாட்டில்ல அடைச்சு ஊத்திட்டா போச்சுன்னு தோணுமே, அதையும் செஞ்சாங்க. லேப்ல தயாரிச்ச பி.எம்.பி-2வை கொலாஜன் ஸ்பாஞ்சுல நனைச்சு வைக்கற முறைக்கு அமெரிக்காவுல 2002ல முதுகெலும்பு ஆபரேஷனுக்கும், 2004ல தோல் கிழிஞ்சு வெளிய தெரியற கீழ்க்கால் எலும்பு முறிவுக்கும் அனுமதி கிடைச்சுது. வேலை செய்யுது, பொய் இல்ல. ஆனா உடம்பு இயற்கையா துளித்துளியா, இடம் பார்த்து, வாரக்கணக்குல விடறதை நாம ஒரு மில்லிக்கு 1.5 மில்லிகிராம்னு ஒரே நாள்ல கொட்டறோம். கழுத்து எலும்புல பயன்படுத்தினப்போ சில பேருக்கு தொண்டை வீங்கி மூச்சே அடைக்கற நிலைமை வந்து 2008ல அமெரிக்க மருந்துத் துறை எச்சரிக்கை விட்டுச்சு. காதுல ரகசியமா சொல்ல வேண்டியதை மைக் வச்சு அலறினா இப்படித்தான்.

அலறல் நிக்கவே நிக்காதுன்னா என்ன ஆகும்ங்கறதுக்கு ஒரு நோயே இருக்கு. எஃப்.ஓ.பின்னு சுருக்கமா சொல்லுவாங்க, பல லட்சம் பேர்ல ஒருத்தருக்கு வரும், லேசா இடிச்சுக்கிட்டா, தசைல ஒரு ஊசி போட்டா கூட போதும், அந்த இடத்துல தசை எலும்பா மாற ஆரம்பிச்சுடும், கொஞ்சம் கொஞ்சமா உடம்பு தன்னோட எலும்புக்குள்ளயே பூட்டிக்கும். 2006ல காரணம் தெரிஞ்சுது, பி.எம்.பியைக் கேக்கற ரிசெப்டர்ல ஒண்ணு, ஏ.சி.வி.ஆர்-1, அதுல 206வது இடத்துல ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கு. 2015ல இன்னொரு துண்டு கிடைச்சுது: ஆக்டிவின்-ஏன்னு வேற ஒரு சிக்னல், சாதாரண ரிசெப்டர் அதைக் கேட்டா எலும்பு பக்கம் போகவே போகாது, இந்த மாறின ரிசெப்டர் மட்டும் அதை பி.எம்.பின்னு நினைச்சு எழுந்து ஓடுது. வேற யாரையோ கூப்பிட்டா இவர் திரும்பிப் பார்க்கறார். நம்ம உடம்புல இடிச்ச இடமெல்லாம் எலும்பாகாம இருக்குன்னா சிக்னலைக் கேக்காம இருக்கவும் செல்லுங்களுக்குத் தெரிஞ்சிருக்குன்னு அர்த்தம், நோகின்ங்கற மாதிரி பி.எம்.பியையே பிடிச்சு மடக்கி வைக்கற புரோட்டீனுங்களும் கூடவே சுத்திக்கிட்டு இருக்கு.

திரும்ப என் தோளுக்கு வருவோம். ஸ்டெம் செல் நேரா எலும்பு செல்லா ஆகலாம், இல்ல முதல்ல குருத்தெலும்பா ஆகி அப்புறம் எலும்பாகலாம். எந்த வழின்னு தீர்மானிக்கறது பெரும்பாலும் அசைவுதான். ஸ்டெஃபான் பெர்ரென்னு ஒரு சுவிட்சர்லாந்து ஆராய்ச்சியாளர் இதுக்கு ஒரு எளிய கணக்கு சொன்னார்: இடைவெளி எவ்வளவோ அதுல எத்தனை சதவீதம் அசையுதுன்னு பாருங்க, 2 சதவீதத்துக்குள்ளன்னா எலும்பு தாங்கும், 10 சதவீதம் வரைக்கும் குருத்தெலும்பு தாங்கும், அதுக்கு மேலன்னா நார் மாதிரி திசுதான் பிழைக்கும். ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தா 0.02 மில்லிமீட்டர் அசைவுதான் அந்த 2 சதவீதம், யோசிச்சுப் பாருங்க, தும்மினாலே தாண்டிடும். பிளேட் வச்சு ஸ்க்ரூ போட்டு இறுக்கினா அசைவே இல்லாம நேரா எலும்பு வரும், புடைப்பு வராது. ஸ்லிங் மாட்டின எனக்கு அந்த வழி கிடையாது, குருத்தெலும்பு வழிதான். இயற்கை காட்டுல விழுந்து கால் உடைஞ்ச விலங்குக்கு வச்சிருக்கற வழியும் அதுதான், பிளேட்டும் ஸ்க்ரூவும் நேத்து வந்தது.

அதுவும் இல்லாம குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் தேவையில்ல, ஆக்ஸிஜன் கம்மியா இருந்தாலும் வாழும், முறிவு நடுவுல இருக்கறதும் அந்த நிலைமைதான். அங்க இருக்கற ஸ்டெம் செல்லுங்கள்ல சாக்ஸ்9ங்கற ஸ்விட்ச் ஆன் ஆகி குருத்தெலும்பு செல்லா மாறுது, டைப்-2ங்கற கொலாஜன் வகையை சுரந்து ரப்பர் மாதிரி ஒரு உறையைச் சுத்தி போடுது. இதுக்குப் பேர் சாஃப்ட் கேலஸ், ரெண்டுல இருந்து மூணு வாரத்துல வரும். எனக்கு கறக் நின்னது இதனாலதான், எலும்பு ஒட்டிடுச்சுன்னு நான் துள்ளிக் குதிச்சேன், ஒட்டவெல்லாம் இல்ல, நடுவுல ஒரு ரப்பர் அட்டை வந்துச்சு, அவ்வளவுதான்.

அந்த ரப்பர் எலும்பாகணும்னா ரத்தக்குழாய் உள்ள வரணும், இதுல ஒரு நோபல் பரிசு கதை இருக்கு. ஹிஃப்ங்கற ஒரு புரோட்டீனை செல்லுங்க எப்பவுமே தயாரிச்சுக்கிட்டே இருக்கும், ஆக்ஸிஜன் இருந்தா உடனுக்குடனே அதை அழிச்சுக்கிட்டும் இருக்கும். வீண் வேலை மாதிரி தெரியும், ஆனா ஆக்ஸிஜன் குறைஞ்ச அடுத்த நிமிஷம் அழிக்கறது நின்னுடும், ஹிஃப் சேர்ந்துடும், சேர்ந்தா வி.இ.ஜி.எஃப் ஜீனை ஆன் பண்ணும், வி.இ.ஜி.எஃப் வெளிய போய் பக்கத்து ரத்தக்குழாயை "இந்தப் பக்கம் கிளை விடு"ன்னு கூப்பிடும். மூச்சு முட்டற இடமே தனக்குக் குழாயை வரவழைச்சுக்குது. இந்த ஆக்ஸிஜன் உணர்ற முறையைக் கண்டுபிடிச்சதுக்குத்தான் 2019ல செமென்ஸா, ராட்கிளிஃப், கெய்லின் மூணு பேருக்கும் மருத்துவ நோபல் கொடுத்தாங்க. குருத்தெலும்பு செல்லுங்களும் வயசானதும் உப்பிப் பெருத்து, டைப்-10 கொலாஜனுக்கு மாறி, தன்னைச் சுத்தி கால்சியம் படிய விட்டு, கடைசியா வி.இ.ஜி.எஃப்பை நிறைய விடுது. கூடவே எம்.எம்.பி-9, எம்.எம்.பி-13ன்னு கத்தரிக்கோல் என்ஸைமுங்க வழியை வெட்டிக் கொடுக்க, ரத்தக்குழாய் உள்ள பூந்து, அதோட எலும்பு கட்டற ஆஸ்டியோபிளாஸ்ட்டும் வருது. இங்க டி.என்.எஃப் ரெண்டாவது தடவையா தலையைக் காட்டுது, மூணு நாள்ல அடங்கினவர் வாரக்கணக்கு கழிச்சு திரும்ப ஏறி குருத்தெலும்பைக் கரைக்கற வேலைல கை கொடுக்கறார். அந்த உப்பின செல்லுங்க எல்லாம் செத்துடும்னுதான் ரொம்ப நாள் பாடம் நடத்தினாங்க, 2014 வாக்குல வந்த ஆய்வுங்க அதுல ஒரு பங்கு சாகாம அப்படியே எலும்பு செல்லா மாறிடுதுன்னு காட்டுச்சு. சிகரெட் பிடிக்கறவங்களுக்கு எலும்பு ஒட்ட தாமதமாகறதுல இந்த ரத்தக்குழாய் கட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. எலும்பு டாக்டருங்க அதையே திரும்பத் திரும்பக் கேக்கறது சும்மா இல்ல.

கட்டற செல்லுக்கு "கட்டு, இன்னும் கட்டு"ன்னு சொல்ற முக்கியமான இன்னொரு சிக்னல் வின்ட். இதைப் புரிஞ்சுக்க பிரேக்ல இருந்து ஆரம்பிக்கறது ஈஸி. எலும்புக்குள்ளயே புதைஞ்சு கிடக்கற ஆஸ்டியோசைட் செல்லுங்க ஸ்க்ளிரோஸ்டின்னு ஒண்ணை விடுது, அது வின்ட்டோட ரிசெப்டரை அடைச்சுடும், எலும்பு கட்டறது நின்னுடும். எலும்பு மேல பாரம் விழுந்தா ஆஸ்டியோசைட் அதை உணர்ந்து ஸ்க்ளிரோஸ்டினைக் குறைச்சுக்கும், பிரேக்ல இருந்து கால் எடுத்த மாதிரி. தென்னாப்பிரிக்காவுல ஆஃப்ரிகானர் குடும்பங்கள் சிலதுல இந்த ஜீனே வேலை செய்யாது, 2001ல கண்டுபிடிச்சாங்க, அவங்க எலும்பு உடையறதே அபூர்வம், ஆனா மண்டை எலும்பும் தடிச்சுக்கிட்டே போய் நரம்பை நசுக்கி காது கேக்காம, முகம் ஒரு பக்கம் செயலிழந்து போகும், வரம்னு நினைச்சா அது வரம் இல்ல. இந்த ஸ்க்ளிரோஸ்டினை அடக்கற ரோமோசோஸுமாப்ங்கற ஊசி 2019ல எலும்புத் தேய்மானத்துக்கு வந்துச்சு, நல்லா வேலை செய்யுது. அதையே இடுப்பு முறிவு, கீழ்க்கால் முறிவுக்கு போட்டுப் பார்த்த ஆய்வுங்கள்ல ஒட்டற வேகம் கூடல.

ஏன் கூடலன்னு ஒரே வரியில என்னால சொல்ல முடியாது, ஆனா 2007ல எலிங்கள்ல வந்த ஒரு சோதனை யோசிக்க வைக்குது. மனநல சிகிச்சைல கொடுக்கற லித்தியம் இருக்குல்ல, அது வின்ட் வழியைத் தூண்டி விடும். எலும்பு உடைஞ்சு சில நாள் கழிச்சு, செல்லுங்க தன் பாதையைத் தேர்ந்தெடுத்ததுக்கு அப்புறம் லித்தியம் கொடுத்தா நல்லா ஒட்டுச்சு. உடையறதுக்கு முன்னாடியே கொடுக்க ஆரம்பிச்சா ஒட்டறது கெட்டுச்சு. மருந்து ஒண்ணுதான், எலும்பு ஒண்ணுதான், நாள்தான் வேற. எலும்பு சீக்கிரம் ஒட்ட ஒரே மாத்திரைன்னு யாராவது விக்க வந்தா நான் முதல்ல கேப்பேன், எத்தனையாவது நாள் சாப்பிடணும்னு.

ஒன்றரை மாசம் கிட்ட வர்றப்போ சாஃப்ட் கேலஸ் முழுக்க கால்சியம் ஏறி ஹார்ட் கேலஸ் ஆகியிருக்கும், எக்ஸ்ரேல மேகம் மாதிரி தெரியும், டாக்டரும் ஸ்லிங்கைக் கழட்டச் சொல்லுவார். ஆனா அது அவசரத்துல போட்ட எலும்பு, கொலாஜன் நூல் தாறுமாறா ஓடும், தேவைக்கு மேல தடிமனா இருக்கும். இதைச் செதுக்கி ஒழுங்கு பண்றதுக்கு மாசக்கணக்கு, சில சமயம் வருஷக்கணக்கு ஆகும். செதுக்கற ஆஸ்டியோகிளாஸ்ட்டை உருவாக்கறது ரேங்க்-எல்ங்கற சிக்னல், அதைக் கொடுக்கறது யாருன்னு பார்த்தா எலும்பு கட்டற வம்சத்துச் செல்லுங்களும் ஆஸ்டியோசைட்டும்தான். கட்டறவங்களே இடிக்கறவங்களைக் கூப்பிடறாங்க, அதுவும் இல்லாம ஓ.பி.ஜின்னு ஒரு போலி ரிசெப்டரையும் அவங்களே விட்டு ரேங்க்-எல்லை வழியிலயே மடக்கிக்கறாங்க, எவ்வளவு இடிக்கணும்ங்கறது இந்த ரெண்டோட விகிதம். ஓ.பி.ஜியை 1997ல கண்டுபிடிச்சப்போ எலும்பைக் காக்கறவன்னு அர்த்தம் வர்ற மாதிரி பேர் வச்சாங்க. அதே தத்துவத்துல வந்த டெனோசுமாப் ஊசி 2010ல இருந்து எலும்புத் தேய்மானத்துக்குப் போடறாங்க.

இதுல ஒரு சின்ன விஷயம் மட்டும் சொல்லணும். ஆஸ்டியோபிளாஸ்ட் எலும்பு கட்டறப்போ அந்த சிமெண்டுக்குள்ளயே டி.ஜி.எஃப்-பீட்டாவைக் கலந்து புதைச்சு வச்சுடுது, தூங்கற நிலைமைல. வருஷங்கள் கழிச்சு ஆஸ்டியோகிளாஸ்ட் வந்து ஆசிட் ஊத்திக் கரைக்கறப்போ அது விடுபட்டு முழிச்சுக்குது, முழிச்சதும் அது செய்யற முதல் வேலை கட்டற செல்லுக்கு வேண்டிய ஸ்டெம் செல்லை அந்தக் குழி பக்கமா கூப்பிடறது. இடிக்கறப்போ உதிர்ற தூசிலயே அடுத்த கொத்தனாருக்கு கடிதம் இருக்கு. யூரிஸ்ட் ஆசிட்ல ஊற வச்ச செத்த எலும்பு தசைக்குள்ள போய் பேசினதும் இப்படி உள்ள புதைஞ்சு கிடந்த சிக்னலாலதான்.

என் காறை எலும்புல அந்தப் புடைப்பு இன்னும் இருக்கு. முதல்ல ஒரு கோலிகுண்டு சைஸ்ல இருந்துச்சு, சட்டைக்கு மேலயே தெரியும், பையை மாட்டினா பட்டை அதுல போய் உறுத்தும். இப்போ தடவிப் பார்த்தா பாதிதான் இருக்கு, பட்டை உறுத்தறதில்ல.